உள்பக்கம் வளர்ந்த காடு

வேலாங்காட்டுப்புதூருக்குத் தெற்கே, தார்ரோட்டுக்கும் சென்னியப்பனின் சாளைக்கும் நடுவே கிடந்த நாலு ஏக்கர் கொறங்காடு, மாசிக் கடைசியில் பெய்த ஒரே ஒரு மழைக்குப் பிறகு, வேலி இருந்த இடத்திலேயே இருக்க, உள்பக்கமாக வளரத் தொடங்கியது. கொறங்காடு என்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவைக் குச்சி நட்டு உயிர்வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வளரவிட்டு, புல்லை அதன் போக்கில் முளைக்கவிட்டு, ஆடு மாடு தின்றது போக மிச்சத்தைக் கௌதாரிக்கும் முயலுக்கும் விட்டுவைக்கிற நிலம். சாளை என்றால் காட்டுக்குள்ளேயே கட்டிக் குடியிருக்கும் ஓட்டு வீடு. சாளை வாசலில் நின்று பார்த்தால் தார்ரோட்டில் பஸ் வருவது தெரியும், ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும், அவ்வளவுதான் தூரம்.

முதலில் அதைக் கண்டுபிடித்தவள் சென்னியப்பனின் மனைவி பாவாயி. கண்டுபிடித்தாள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். நடந்தாள், நேரமாயிற்று, அவ்வளவே. வருஷா வருஷம் பங்குனி வந்தால், அறுப்பெல்லாம் முடிந்து உழவு இன்னும் தொடங்காத அந்த நாட்களில், விடிந்ததும் எருமையைக் கறந்துவிட்டு அவள் காட்டைச் சுற்றி வருவாள். ஒரு வேலையும் இல்லாமல், பார்ப்பதற்கென்றே போவாள். கையில் ஒன்றும் இல்லாமல், பின்னால் ஆடும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை காட்டுக்குள் நடந்தால், ஒன்று உடம்புக்கு முடியவில்லை, இல்லையென்றால் வீட்டில் சண்டை என்று முடிவு கட்டிவிடுகிற ஊர் அது. அதனால் ஊர்க் கண்ணுக்கென்று ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு போவாள். அந்த அரிவாள் முப்பது வருஷமாக ஒரு புல்லையும் அறுத்ததில்லை.

அந்தப் பங்குனியில் கிளுவை வேலி முழுக்கத் துளிர்விட்டிருந்தது, வேம்பு பூத்து அடியில் பொரி கொட்டியது போலக் கிடந்தது, கழுத்துச் சிவந்த ஓணான் கல் மேல் ஏறித் தண்டால் எடுத்தது, கரண்ட் கம்பியில் பழுப்பாக உட்கார்ந்திருந்த பனங்காடை கீழே பாய்ந்தபோது நீலமாகி மறுபடி கம்பிக்குப் போய்ப் பழுப்பானது, தேன்சிட்டு எட்டுக்கால்பூச்சியின் நூலைத் திருடிவந்து முள்நுனியில் கூடு தொங்கவிட்டது, கௌதாரி தன் குஞ்சுகளை வரிசையில் விட்டு ஒன்று குறைகிறதே என்று திரும்பிக் கத்தியது. பாவாயி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். ஒன்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த மரம் கூப்பிடு தூரத்துக்குப் போயிருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் போன இடத்துக்கு நடந்தாள், நடந்த வழியில் இன்னும் பார்க்க இருந்தது, அதையும் பார்த்தாள், மரம் இன்னும் தள்ளிப்போயிற்று. காபித் தண்ணி வைக்கிற நேரத்துக்குத் திரும்புகிறவள் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பினாள், அப்புறம் ஆடு அடைக்கிற நேரத்துக்குத் திரும்பினாள்.

“எங்க புள்ள போன?” என்றார் சென்னியப்பன்.

“காட்டுக்குத்தானுங்.”

“நாலேக்கராக் காட்டச் சுத்தி வாரதுக்குப் பொழுதோட ஆகுதா? நானே காலைல இருந்து ரண்டு தடவ ரோட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன்.”

“உங்களுக்குக் கிட்டத்துல இருக்குது. எனக்கு நெம்பத் தூரமாப் போச்சுங்.”

சென்னியப்பன் இதைக் கொஞ்சம் யோசித்தார். “செரி, சோத்தப் போடு” என்றார்.

அவர் நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் முகம் சுளித்தது கிடையாது. ஆனால் அவருடைய கண் எப்போதும் அடுத்த வேலையின் மேல்தான் இருக்கும். மாட்டைக் கட்டும்போது மோட்டாரைப் பார்ப்பார், மோட்டாரைப் போடும்போது வேலியைப் பார்ப்பார், வேலியைக் கட்டும்போது வானத்தைப் பார்ப்பார், வானத்தையும் மழை வருமா என்று பார்ப்பாரே தவிர வானமாகப் பார்க்கமாட்டார். தாலி கட்டுகிற நேரத்தில்கூடப் பந்தியில் இலை போட்டாயிற்றா என்று திரும்பிப் பார்த்தவர் என்று ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் காடு வளரவேயில்லை. ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் சாளைக்குப் பின்னால் வரிசையாக இருந்த வளவு வீடுகளின் ஜனங்களுக்கெல்லாம் பஸ்ஸுக்குப் போகிற தடம் அந்தக் காட்டுக்குள்தான் போயிற்று. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி மயில் ஆடுகிறதே என்று ஒரு நிமிஷம் நின்று, அந்த பஸ்ஸையும் விட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பால்காரர் கேன்களைத் தூக்கிக்கொண்டு காதில் போனை இடுக்கிப் பேசியபடியே நடந்தவர், ஒன்றுமே நடக்காதது போல வழக்கமான நேரத்தில் வண்டியைப் பிடித்தார். இப்படி நாலு பேர் பிந்தி நாலு பேர் முந்தியதும், என்ன ஏது என்று யாரும் வாயைப் பிளக்காமல், ஊர் தானாகவே கணக்குப் போட்டுச் சட்டத்தைக் கண்டுகொண்டது: பார்க்கிறவனுக்குத் தூரம், பார்க்காதவனுக்குக் கிட்டம்.

அடுத்த காட்டுக்காரருக்கு மட்டும் சந்தேகம். காடு வளர்ந்தால் வேலி நகர்ந்திருக்குமே, நகர்ந்தால் என் பக்கம்தானே நகர்ந்திருக்கும் என்று சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சர்வேயர் வெளியே அளந்தார், நாலு ஏக்கர் சரியாக இருந்தது. உள்ளே அளக்கச் சங்கிலியை இழுத்துக்கொண்டு காலையில் போனார், கீரி ஒன்று தன் குட்டிகளை வாலும் மூக்குமாகக் கோத்துக்கொண்டு தடத்தைக் கடக்கிறதைப் பார்த்துவிட்டார், பொழுது சாய்கிற நேரத்தில் சங்கிலியில் பாதியைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தார். “அளவெல்லாம் செரியாத்தான் இருக்குது. இனிமேலுக்கு வெளிய மட்டும் அளந்துக்கங்க” என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். தன் வேலி நகரவில்லை என்று தெரிந்ததும் அடுத்த காட்டுக்காரருக்கும் மனம் ஆறிவிட்டது. மாகாளியம்மன் கோயிலில் பூ கேட்டுப் பார்த்தார்கள். சிவப்பும் விழவில்லை, வெள்ளையும் விழவில்லை. “ஆத்தா இதுல தலையிட மாட்டாளாட்டருக்குது” என்றார் பூசாரி, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு வேலியில் துண்டுகள் வந்தன. அவசரமாகப் போகிறவன் தலையில் துண்டைப் போட்டு இரண்டு கன்னத்தையும் மூடிக்கொண்டு கால் கட்டைவிரலை மட்டும் பார்த்து நடந்தால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். முதலில் ஆளுக்கொரு துண்டு கொண்டுபோனார்கள், பிறகு அது தொந்தரவாக இருக்கிறது என்று சாளைப் பக்கத்து வேலியிலும் ரோட்டுப் பக்கத்து வேலியிலும் பொதுவில் துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். இங்கே எடுத்துப் போர்த்திக்கொண்டு போய் அங்கே தொங்கவிட வேண்டியது, அங்கே எடுத்து இங்கே தொங்கவிட வேண்டியது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் துண்டு போட்டு முடிந்தே அனுப்பினார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் துண்டு எடுக்காமல் போனார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளோடு மனஸ்தாபம் கொண்ட மாமனார்கள் காலையில் உள்ளே போய் எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, கோபம் தணிந்து, பசி எடுத்து, பொழுதோடு வந்து சேர்ந்தார்கள். காட்டு நடுவில் எவ்வளவு தூரம் தள்ளிப்போனாலும் நடுவிலேயே நின்ற பெரிய வெள்வேல மரத்தடியில் ராக்கியண்ணன் என்பவர் டீக்கடை போட்டார். பார்க்கிறவர்கள் மத்தியானத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்து பசியோடு உட்கார்ந்தார்கள். பார்க்காதவர்கள் கடை இருப்பதே தெரியாமல் தாண்டிப் போனார்கள்.

புல் வளர்ந்துகொண்டே போனதால் ஊரில் ஆடு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். “உங்குளுக்குத்தான் உள்ளுக்குள்ள கெடையாக் கெடக்குதே, எங்க ஆடும் ஒரு வாய் கடிச்சுக்கட்டுமுங்” என்றார்கள். சென்னியப்பன் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொண்டே, “மேயட்டுமப்பா, கொறஞ்சா போயிரும்” என்றார். குறையவில்லைதான். அவருக்கு அது பின்னால் எப்படித் திரும்பும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

பங்குனி பாதியில் சென்னியப்பனின் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தாய்மாமன் போகாமல் தட்டு மாற்ற முடியாது. மத்தியான பஸ்ஸுக்குப் போக வேண்டும், நேரமே வந்துவிடு என்று பாவாயியிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். வேலியோரம் மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று விடிகாலையில் போனவள் வரவில்லை. சென்னியப்பன் வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு, போனை சார்ஜில் மாட்டிவிட்டு, “இவள ஒரு எட்டுப் போயிக் கூட்டியாந்துர்றேன்” என்று எருமையிடம் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார். துண்டு எடுக்கவில்லை. அவருக்கு அது என்றைக்குமே தேவைப்பட்டதில்லை.

பாவாயி வேறு பக்கமாக, அன்றைக்கு நிஜமாகவே அவசரப்பட்டு, கண்ணைக் காலிலேயே வைத்துக்கொண்டு சாளைக்கு வந்து சேர்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. சேலை மாற்றினாள், தட்டுக்கு வேண்டிய பழம் பூவெல்லாம் எடுத்து வைத்தாள், வாசலில் உட்கார்ந்தாள். பஸ் வந்தது, நின்றது, போயிற்று. சென்னியப்பன் வரவில்லை.

நடந்தது இதுதான். தன் வழக்கப்படி ஒன்றையும் பார்க்காமல் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தவரின் தலைக்கு மேலே ஒரு ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு சுற்றியது. அது எப்போதும் கத்துகிறதுதான், அவர் எப்போதும் காதில் வாங்காததுதான். ஆனால் அன்றைக்கு அது அவருடைய நெற்றியில் சிறகு படுகிற மாதிரி இறங்கியதால் வலது காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். செருப்புக்கு அடியில் நாலு கற்கள் இருந்தன. கற்களுக்கு ஒரு முனை கூராக இருந்தது, நாலு கூர்முனையும் ஒன்றையொன்று பார்த்தபடி நடுவில் கூடியிருந்தன, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி வைத்திருந்தது. கூடு கிடையாது, குழிகூடக் கிடையாது, வெறும் தரை. இது முட்டை என்று தெரிந்தபோது அவர் காலை எடுத்துப் பின்னால் வைத்து, வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் சென்னியப்பன் ஒரு பொருளை அந்தப் பொருளுக்காகவே பார்த்தது அன்றைக்குத்தான். பாவாயி தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துத் தீர்த்திருந்தாள். அவருக்கோ பார்க்காமல் விட்டதெல்லாம் அப்படியே சேர்ந்து, அந்த இடத்தில் அவருக்காகக் காத்துக் கிடந்தது. முட்டையிலிருந்து நிமிர்ந்து குருவியின் மஞ்சள் காலைப் பார்த்தார், காலிலிருந்து அது நின்ற கல்லைப் பார்த்தார், கல்லிலிருந்து கல்லின் மேல் போன பொன்வண்டைப் பார்த்தார், பொன்வண்டின் முதுகில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். சாளையின் கூரை தீப்பெட்டி அளவுக்குப் போயிற்று. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஊர் தேடப் புறப்பட்டது. இங்கேதான் வேலாங்காட்டுப்புதூர்க்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள், அவர்களைத் தவிர வேறு ஊர்க்காரர்கள் செய்திருக்க முடியாத தப்பு. காட்டில் தொலைந்தவரைத் தேட வேகமாகப் போகிறவர்களைத்தானே அனுப்ப வேண்டும் என்று, ஊரிலேயே எதையும் பார்க்காதவர்களாகப் பொறுக்கி, அவர்களுக்கும் ஒரு காப்புக்காகத் துண்டைப் போர்த்தி அனுப்பினார்கள். அவர்கள் போன வேகத்தில் ரோட்டுப் பக்கம் வெளியே வந்து, “ஆரையும் காணமுங்” என்றார்கள். கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு போனவர்களுக்கு யார் தெரிவார்கள்? தப்புப் புரிந்ததும் பார்க்கிறவர்களாகப் பொறுக்கி அனுப்பினார்கள். அவர்கள் பொழுதோடு வந்து, முயல் ஈன்றிருக்கிறது, கொம்புத்தேன் வைத்திருக்கிறது, மேற்கே சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது என்று வாய் நிறையச் சொன்னார்கள். சென்னியப்பனையும் ஒருத்தர் பார்த்திருந்தார். மூன்று வெள்வேல மரத்துக்கு அந்தப்புறம் வெள்ளை வேட்டியோடு குந்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கையைத் தூக்கிக் காட்டினேன், தள்ளிப் போய்விட்டார் என்றார்.

பாவாயி சோறாக்கித் தூக்குப்போசியில் போட்டு அனுப்பினாள். ராக்கியண்ணன் அதை டீக்கடைக்கு அப்பால் இருந்த புற்று மேல் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் போசி காலியாக, கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. “உசுரோடத்தானுங்க்கா இருக்காரு, கவலப்படாதீங்க” என்றார். அன்றிலிருந்து போசி போவதும் வருவதும் வழக்கமாயிற்று.

வழக்கமானதுதான் ஆபத்து. எதையும் ஏற்றுக்கொண்டுவிடுகிற ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ரேஷன் கடையில் கைரேகைக்குக் கூப்பிட்டால், “அவரு காட்டுக்குள்ள இருக்காரு” என்று பக்கத்தில் நின்றவர்களே பதில் சொல்லி அனுப்பினார்கள். நிச்சயதார்த்த வீட்டில் கோபித்துக்கொண்டு, பிறகு தட்டை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிவைத்து, பிறகு அவருக்குப் பதிலாகப் பங்காளி ஒருவரை வைத்து மாற்றிக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் போனில், “அப்பா எங்கம்மா?” என்றாள். “காட்டுக்குள்ள சாமி.” “இன்னுமா?” என்றாள் மகள், அப்புறம் மிளகாய் காயப்போட்டதைப் பற்றிப் பேசினாள். ஒருநாள் காலை துண்டு எடுக்க வந்த ஒரு பெண், தடம் கேட்ட யாரோ ஒருத்தனுக்கு, “பெரிய வேலமரத்தத் தாண்டுனா புத்து, புத்தத் தாண்டுனா சென்னியப்பண்ணன், அக்கட்டால போனா செரக்கொன்ன” என்று வழி சொல்வதை பாவாயி வாசலில் இருந்து கேட்டாள். மரத்தையும் புற்றையும் சொல்கிற மாதிரி சொன்னாள். பாவாயி எழுந்து நின்றுவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தனக்கும் அவர் அப்படி ஆகிவிடுவார், போசியைக் கழுவி அனுப்புகிற ஒரு இடமாக ஆகிவிடுவார் என்று பயந்தாள். எருமையை ராக்கியண்ணன் வீட்டில் கட்டச் சொல்லிவிட்டு, அரிவாளை எடுக்காமல், வேலியிலிருந்து ஒரு துண்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு மேல் அவரைக் கண்டாள். ஒரு கூப்பிடு தூரத்தில், இவளுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். வேட்டி பழுப்பேறியிருந்தது. ஆள்காட்டி அவருக்கு மேலே கத்திக் கத்திச் சலித்துப்போய் அவருக்குப் பக்கத்திலேயே நின்றது. அவள் நடந்தாள். அவருடைய இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாள். அது எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவர் தள்ளிப் போனார். பிடரியில் முடி சுழித்திருப்பதைப் பார்த்தாள், மகளுக்கும் அதே இடத்தில் அதே சுழி. அவர் இன்னும் தள்ளிப் போனார். குந்தும்போது ஒரு குதிகாலை மட்டும் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தார். அது வலியா, பழக்கமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கைவிரல் அளவுக்கு ஆகிவிட்டார்.

பாவாயி நின்றாள். ஓணானுக்கு எந்த நாளில் கழுத்து சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். தேன்சிட்டு எந்த மரத்து நூலை எந்த முள்ளுக்குக் கொண்டுபோகும் என்று தெரியும். முப்பது வருஷமாக இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறாள், தண்ணீர் காய வைத்திருக்கிறாள், ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறாள், ஆனால் அவரைத் தலையில் துண்டு போட்டுக்கொண்டுதான் கடந்திருக்கிறாள். அவர் தன்னைப் பார்த்ததில்லை என்று மனசுக்குள் ஒரு குறை அவளுக்கு உண்டு. தானும் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆசை தீரப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. பார்த்தால் அவர் போய்விடுவார்.

துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியே நின்று கூப்பிட்டாள்.

“ஏனுங்!”

“என்னுங்?” என்று கிழக்கே ஒரு குரல் கேட்டது. “சொல்லு புள்ள” என்று தெற்கே ஒரு குரல். ஆடு மேய்க்கப் போன அத்தனை புருஷன்மாரும் அந்தப் பக்கத்தில் ‘ஏனுங்’தான். ஒருத்தி கூப்பிட்டால் காடு முழுக்கத் தலை திரும்பியது. மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் எல்லாரும் பதில் சொன்னார்கள், அவர் மட்டும் சொல்லவில்லை. இனிப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர் அது. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டபோதுகூடப் பக்கத்தில் இருந்தவளைச் சொல்லச் சொன்னவள். பெயரைச் சொன்னாலும் மரியாதையை விட அவளுக்கு மனம் வரவில்லை.

“சென்னியப்பனுங்கோ...வ்!”

காடு முழுக்கச் சத்தம் அடங்கியது. அப்புறம் வெகு தூரத்திலிருந்து அவருடைய குரல் வந்தது.

“ஆரு? பாவாயியா?”

“நாந்தானுங். வாங்க ஊட்டுக்கு.”

“வந்துட்டேதான இருக்கேன். பஸ்ஸு போயிருச்சா?”

“எந்த பஸ்ஸுங்?”

“நிச்சயத்துக்குத்தான். இன்னிக்கென்னமோ நெம்பத் தடவ பசிக்குது. நடுவுல ரண்டு மூணு தடவ கண்ணு வேற அசந்துட்டேன்.”

பாவாயி துண்டுக்குள் அழுதாள். அழுதுகொண்டே, “கண்ண மூடிக்கிட்டு என்ற சத்தத்தப் பாத்து வாங்க” என்றாள்.

“எப்பிடி வாரது? இங்க முட்ட கெடக்குது பாவாயி. நாலு. ஊர் ஆட்டையெல்லாம் உள்ள உட்டுட்டனே, மேஞ்சுக்கிட்டே வருது. நான் உட்டுட்டு வந்தா மிதிச்சுப் போடும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நீங்க கண்ண மூடிக்கிட்டு அங்கயே இருங்க. நான் வாரேன்.”

“நீயும் மூடிக்கிட்டா வார?”

“மூடிக்கிட்டுத்தான் வரோணும்.”

“மிதிச்சுப் போடுவயே!” என்றார். அந்தக் குரலில் இருந்த பதற்றத்தை பாவாயி அவரிடம் இதற்குமுன் கேட்டதில்லை. மகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரி வாசலில் நின்று மோட்டாரை அணைத்தோமா என்று யோசித்தவர். பிறகு சொன்னார், “செரி வா. முட்ட மேல கையக் கவுத்திக்கிறேன். மிதிச்சா என்ற கைய மிதி.”

அவள் நடந்தாள். அவர் பேசிக்கொண்டேயிருந்தார், நிறுத்தினால் அவள் திசை மாறிவிடுவாள் என்று பேசினார். ஆள்காட்டிக்குக் கால் மஞ்சளாக இருக்கும், அது தெரியுமா உனக்கு என்றார். தெரியுமுங் என்றாள். பொன்வண்டு முதுகில் வானம் தெரிகிறது, அது தெரியுமா என்றார். அது தெரியாதுங் என்றாள். “சோத்தாங்கைப் பக்கமா வா... இல்ல, பீச்சாங்கைப் பக்கம்... எனக்கென்ன தெரியும், நானும் கண்ண மூடியிருக்கேன்” என்றார். தூரத்தில் ஆடு மேய்த்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தார்கள், அதனால் அவர்களுக்கு இவர்கள் இரண்டு பேரும் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் தெரியாமலே போனார்கள். பாவாயிக்குக் காலடியில் முள் குத்தியது, எருக்கஞ்செடி உரசியது, குரல் கிட்டத்தில் வந்தது, இன்னும் கிட்டத்தில் வந்தது, ஆள்காட்டி அவள் காதுக்குள்ளேயே கத்தியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தூக்கி மெதுவாக வைத்தாள்.

கால் ஒரு கையின் மேல் பட்டது. புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது. கை நகரவில்லை.

“மிதிச்சுட்டனா?”

“என்ற கையத்தான். அப்பிடியே நில்லு.”

அவள் நின்றாள். குருவி கத்துவதை நிறுத்தியது. கைக்கு அடியிலிருந்து லேசாக ஒரு கொத்துகிற சத்தம் வந்தது, இரண்டு பேருக்கும் கேட்டது.

“இப்பக் கண்ணத் தொறக்கட்டுமா?” என்றார் சென்னியப்பன்.

“தொறங்க” என்றாள் பாவாயி, துண்டை அவிழ்த்தபடி. “இனி எங்க தள்ளிப் போகப் போறீங்க.”

மறுநாளிலிருந்து ராக்கியண்ணன் தன் வீட்டுச் சோற்றைப் போட்டுப் புற்று மேல் இரண்டு போசி வைத்தார். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. தேட யாரும் போகவில்லை. சித்திரை பிறந்து, அடுத்த மழை ஒன்று பெய்து, காடு உள்பக்கமாகச் சுருங்கிப் பழையபடி நாலு ஏக்கர் ஆனபோது, ஒரு மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் ரோட்டுப் பக்கத்து வேலிச் சந்து வழியாக வெளியே வந்தார்கள். துண்டை வேலியில் தொங்கவிட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்க வேண்டிய அதே மத்தியான பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழக்கமானவர், படியில் நின்று, “ஏறுங்க மாமா, உங்க தங்கச்சி மகனுக்குக் கல்யாணம் இன்னிக்குத்தானுங்” என்றார்.

சென்னியப்பன் பஸ்ஸைப் பார்க்கவில்லை. பாவாயியின் நெற்றியோரத்தில் நரைத்த முடி ஒன்றில் புல்விதை ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரை எப்போது வந்தது என்று கேட்டார். அது ஆச்சுதுங் ஏழெட்டு வருசம் என்றாள் அவள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போயிற்று.